கெய்ரோவின் ரொட்டியும் செப்புக் காசும்: விலைவாசி பற்றி மக்ரீஸி சொன்னது

“உம்மாட்ட சொல்லுங்க, நாங்க முட்டை வாங்குறதயே விட்டுட்டம்.” 2023ஆம் ஆண்டின் கடைசியில் கெய்ரோவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்ட பேச்சு இது. பேசியவர் அல்-அஸ்ஹரில் ஓதும் எங்கள் ஊர்ப் பிள்ளை. படிப்பு எப்படி என்று கேட்க முன்னமே சாமான் விலையைச் சொல்லத் தொடங்கிவிட்டார். சீனி இல்லை, அரிசி இரட்டை விலை, அறை வாடகையையும் கூட்டச் சொல்கிறார்கள். கடைசியாக ஒரு வார்த்தை: “எல்லாம் இந்தக் கடைக்காரன்மார்ட வேல.”

பிள்ளையின் முறைப்பாட்டில் பொய்யில்லை. அந்த வருஷம் செப்டெம்பரில் எகிப்தின் நகர்ப்புறப் பணவீக்கம் 38 வீதத்தைத் தொட்டது. உணவுப் பொருட்கள் அதைவிட வேகமாக, 70 வீதத்துக்கும் மேல் விலையேறின. வங்கியில் ஒரு டொலருக்கு 31 பவுண் அளவில் கொடுத்தார்கள். கறுப்புச் சந்தையில் அதே டொலர் வருஷக் கடைசியில் 50ஐயும் தாண்டிப் போனது. வெளியிலிருந்து வரும் சாமானுக்கு வியாபாரி விலை போட்டது கறுப்புச் சந்தைக் கணக்கில். வீட்டிலிருந்து அனுப்பும் காசை வங்கி வழியாக எடுக்கும் மாணவனுக்குக் கிடைத்ததோ வங்கிக் கணக்கில். இரண்டுக்கும் இடையில் விழுந்து நசுங்கியது அவனுடைய முட்டையும் சீனியும்தான்.

ஆனால் “கடைக்காரன்ட வேல” என்ற அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதே கெய்ரோவில், ஏறத்தாழ 600 வருஷங்களுக்கு முன்னால், இதே கேள்வியை ஒரு மனிதர் எடுத்து ஆராய்ந்து ஒரு சிறு நூலாகவே எழுதிவைத்தார். அவர் சும்மா ஓர் அறிஞர் மட்டுமல்ல. அந்த நகரத்துச் சந்தைகளின் விலைக்கும் நிறைக்கும் பொறுப்பாக இருந்த அதிகாரியும் அவரே.

முஹ்தஸிபாக இருந்த வரலாற்றாசிரியர்

தகீயுத்தீன் அஹ்மத் அல்-மக்ரீஸி 1364இல் கெய்ரோவில் பிறந்தார். 1442இல் அங்கேயே காலமானார். எகிப்தின் வரலாற்றையும் கெய்ரோவின் தெருக்கள், பள்ளிவாசல்கள், சந்தைகள் என்று ஒவ்வொன்றையும் பற்றி அவர் எழுதிவைத்தவை இன்றும் ஆய்வாளர்களுக்கு மூலாதாரம். கெய்ரோவுக்கு வந்து குடியேறியிருந்த இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். எங்கள் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. யாப்பகுவையிலிருந்து ஆண்ட புவனேகபாகு மன்னன் 1283இல் மம்லூக் ஸுல்தான் கலாவூனிடம் அனுப்பிய தூதுக்குழுவைப் பற்றிய செய்தியை அவரும் பதிந்திருக்கிறார். கறுவா, மாணிக்கம், முத்து, யானை என்று இலங்கை விற்கக்கூடியவற்றைச் சொல்லி, நேரடி வியாபாரம் கேட்டுப்போன தூது அது.

ஹிஜ்ரி 801இல் (1399) ஸுல்தான் பர்கூக் மக்ரீஸியைக் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமித்தார். முஹ்தஸிபுடைய வேலை இன்றைய பாவனையாளர் அதிகார சபையின் வேலையைவிடப் பெரிது. தராசும் படிக்கல்லும் சரியா, ரொட்டி நிறை குறைகிறதா, பாலில் தண்ணீர் கலக்கிறதா, தானியத்தைப் பதுக்குகிறார்களா என்று பார்ப்பது அவர் கடமை. அந்தப் பதவியில் மக்ரீஸி நெடுநாள் இருக்கவில்லை. சில மாதங்களில் அவரை எடுத்துவிட்டு இன்னொருவரைப் போட்டார்கள். அந்த இன்னொருவர் யாரென்றால், ஸஹீஹுல் புகாரிக்கு ‘உம்ததுல் காரீ’ என்ற விரிவுரை எழுதிய இமாம் பத்ருத்தீன் அல்-அய்னீ. எங்கள் மத்ரஸாக்களில் ஹதீஸ் கிதாபோடு நாம் அறிந்த பெயர் கெய்ரோவில் ரொட்டி நிறுத்துப் பார்த்த பெயராகவும் இருப்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். ஹிஸ்பாப் பதவி இருவர் கையிலும் மாறி மாறி வந்தது.

வெள்ளம் திரும்பி வந்தது, விலை திரும்பவில்லை

எகிப்தின் சாப்பாடு நைல் நதியின் கையில் இருந்த காலம் அது. ரவ்ழா தீவில் இருக்கும் மிக்யாஸ் என்ற அளவுத்தூணில் வெள்ளம் 16 முழத்தைத் தொட்டால் நிலம் நனையும், வரி அறவிடலாம், மக்கள் சந்தோஷப்படுவார்கள். தொடாவிட்டால் அன்றைக்கே கோதுமை விலை ஏறத் தொடங்கும். அறுவடைவரை யாரும் காத்திருப்பதில்லை. ஹிஜ்ரி 806இல் (1403-04) நைல் போதியளவு உயரவில்லை. பஞ்சம் வந்தது, அதன் பின்னால் நோய் வந்தது. அதற்குச் சற்று முன்னர்தான், 1401இல், தைமூர் டமஸ்கஸைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தான். கெய்ரோவில் சிறு வயது ஸுல்தான் ஃபரஜின் பெயரால் அமீர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சூழலில் ஹிஜ்ரி 808இல் (1405) மக்ரீஸி எழுதியதுதான் ‘இகாஸதுல் உம்மா பிகஷ்ஃபில் கும்மா’. துயரை நீக்கி உம்மத்துக்கு உதவுதல் என்று தலைப்புக்குக் கருத்துச் சொல்லலாம். எகிப்து கண்ட பஞ்சங்களைப் பழைய காலத்திலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார். பின்னர் ஒரு கேள்வியை எழுப்புகிறார். முன்னைய பஞ்சங்கள் நைல் குறைந்ததால் வந்தன. நைல் பெருகியதும் போயின. இப்போதைய விலைவாசி மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது?

அல்லாஹ்வின் சோதனை என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிப் போகவில்லை. வியாபாரியின் பேராசை என்றும் முடிக்கவில்லை. மூன்று காரணங்களைச் சொன்னார்.

முதலாவது, பதவிகளை விலைக்கு விற்பது. அமைச்சர் பதவி, காழிப் பதவி, ஹிஸ்பாப் பதவி எல்லாம் லஞ்சத்துக்குக் கிடைத்தன. கடன்பட்டுப் பதவி வாங்கியவன் கடனை எப்படி அடைப்பான்? மாகாணத்தில் இருப்பவன் குடியானவனிடம் பிடுங்குவான். சந்தையில் இருப்பவன் பேக்கரிக்காரனிடம் பிடுங்குவான். பேக்கரிக்காரன் அதை ரொட்டியின் நிறையில் எடுப்பான். நிறை பார்க்க வரவேண்டியவனுக்கோ பங்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, நிலக் குத்தகை. அமீர்களிடம் நல்ல பெயர் எடுக்க விரும்பிய கங்காணிகள் வருஷா வருஷம் குத்தகையைக் கூட்டிக்கொடுத்தார்கள். விதைநெல்லுக்கும் உழவுக்கும் செலவு ஏறியது. தாங்க முடியாதவர்கள் நிலத்தை விட்டு ஓடினார்கள். நிலம் தரிசானது.

மூன்றாவதுதான் அவர் அதிகம் அழுத்திச் சொன்னது: செப்புக் காசு, அதாவது ஃபுலூஸ். கீரை, காய்கறி போன்ற ஒரு திர்ஹம் பெறாத சில்லறைச் சாமான்களுக்காகத்தான் ஆதியில் செப்புக் காசு இருந்தது. பெரிய கொடுக்கல் வாங்கல், மஹர், ஸகாத் எல்லாம் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிடப்பட்டன. பர்கூக்கின் காலத்தில் அரண்மனைக் கருவூலத்தை நிர்வகித்த மஹ்மூத் இப்னு அலீ என்ற அதிகாரி, ஐரோப்பாவிலிருந்து செம்பை வரவழைத்து ஃபுலூஸை அளவுகணக்கில்லாமல் அடிக்கச் செய்தார். செம்பு மலிவு, காசு பெறுமதி கூட. நடுவில் உள்ள இலாபம் கருவூலத்துக்கு. வெள்ளித் திர்ஹம் அடிப்பதோ நின்றுபோனது. வெள்ளி பாத்திரமாக உருகியது, அல்லது கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போனது. கடைசியில் செப்புக் காசு எண்ணிக் கொடுக்கும் நிலையும் போய், றாத்தல் கணக்கில் நிறுத்துக் கொடுக்கும் நிலை வந்தது. நாங்கள் ‘ஒரு இறாத்தல் பாண்’ என்று கேட்கும்போது வருகிற இறாத்தலும் அரபு ‘றத்ல்’ வழிவந்த சொல்தான். கெய்ரோவில் அன்று பாணை மட்டுமல்ல, பாணுக்குக் கொடுக்கும் காசையும் அதால் நிறுத்தார்கள்.

மக்ரீஸியின் கூர்மையான அவதானம் இங்கேதான் இருக்கிறது. சாமான்களின் விலையைப் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்குப் பார்த்தால் அவ்வளவாக ஏறவில்லை. ஃபுலூஸில் பார்க்கும்போதுதான் வானத்துக்குப் போயிருக்கிறது என்கிறார். அதாவது சாமான் ஏறியதைவிடக் காசு இறங்கியதுதான் அதிகம்.

‘ஃபுலூஸ்’ இன்றைய எகிப்தில் காசுக்கே பொதுப்பெயர். மத்திய கிழக்குக்குப் போய் வந்த எங்கட ஆக்களும் “புலூஸ் இல்ல” என்றுதான் சொல்வார்கள். சில்லறைச் செம்பின் பெயர் எல்லாப் பணத்துக்கும் பெயராகிவிட்டது.

யாருக்கு எவ்வளவு வலித்தது

எகிப்தியரை ஏழு வகுப்பாகப் பிரித்து, விலையேற்றம் ஒவ்வொருவரையும் எப்படித் தாக்கியது என்றும் மக்ரீஸி எழுதினார். ஆட்சியாளர்கள் கைக்கு அதிகக் காசு வருவதைப் பார்த்து வருமானம் கூடியதாக நினைக்கிறார்கள். அதை வைத்து முன்பு வாங்கியதை இப்போது வாங்க முடியாது என்பது பிந்தித்தான் புரிகிறது. பெரிய வர்த்தகர்களின் நிலையும் அதுவே. புடவைக்காரர், சில்லறைக் கடைக்காரர் அன்றாட உழைப்பில் அன்றாடம் தின்று காலத்தை ஓட்டுகிறார்கள். விவசாயிகளில் பெரும்பாலோர் அழிந்தார்கள். நீர் பாய்ந்த நிலம் கையில் இருந்த சிலர் பணக்காரரானார்கள். கைத்தொழிலாளரில் நிறையப் பேர் மௌத்தானதால், மிஞ்சியவர்களின் கூலி உயர்ந்தது. வறியவர்கள் பசியிலும் குளிரிலும் மாண்டுபோனார்கள்.

ஐந்தாவது வகுப்பு நம் கவனத்துக்குரியது. மார்க்க அறிஞர்கள், மாணவர்கள், குறிப்பிட்ட சம்பளத்தில் இருந்த படைவீரர்கள் ஆகியோரை அவர் ஒன்றாகச் சேர்க்கிறார். வக்ஃபிலிருந்தோ அரசிலிருந்தோ வரும் கொடுப்பனவு அப்படியே இருக்க, ரொட்டி விலை மட்டும் ஏறிக்கொண்டு போகும்போது இவர்களுக்குத் தப்ப வழியில்லை. 2023இல் முட்டையை விட்ட எங்கள் பிள்ளை இந்த ஐந்தாம் வகுப்புக்காரன்தான். எங்கள் ஊரில் ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் ஆசிரியரும், மாதச் சம்பளத்துக்கு நிற்கும் பள்ளி இமாமும் முஅத்தினும்கூட.

அவர் சரியாகப் பார்க்காதவை

மக்ரீஸி சொன்னதெல்லாம் வேதவாக்கல்ல. 1348இல் வந்த கறுப்புக் கொள்ளை நோயும் அதற்குப் பிறகு அடிக்கடி திரும்பி வந்த அலைகளும் எகிப்தின் சனத்தொகையை அரித்துவிட்டிருந்தன. கால்வாய் வெட்டவும் அணை கட்டவும் ஆளில்லாமல் விவசாயம் விழுந்தது. இந்தப் பெரிய காரணத்துக்கு அவருடைய மூன்று காரணங்களில் தனி இடம் இல்லை. வெள்ளித் தட்டுப்பாடும் எகிப்தோடு நின்ற ஒன்றல்ல. அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலேயே வெள்ளி அருகிக்கொண்டிருந்தது. இன்னொன்று, அவர் பதவியிழந்த மனிதர். ஆட்சியாளர் மேல் உள்ள கசப்பு எழுத்தில் தெரிகிறது. பொன்னுக்கும் வெள்ளிக்கும் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்ற அவருடைய மருந்தும் இன்றைக்குப் பொருந்தாது.

ஆனாலும் கேள்வியை அவர் வைத்த இடம் சரியானது. விலைச்சீட்டைப் பார்த்துக் கோபப்படும் முன்னர் அந்தச் சீட்டு எந்தக் காசில் எழுதப்பட்டிருக்கிறது, அந்தக் காசை யார் எதற்காகப் பெருக்கினார்கள் என்று பார்க்கச் சொன்னார்.

விலை போடுவதா, நிறை பார்ப்பதா

மக்ரீஸியின் நூலில் ஃபாத்திமீ கலீஃபா முஸ்தன்ஸிரின் காலத்து நிகழ்ச்சி ஒன்று வருகிறது. 1065 தொடங்கி ஏழு வருஷம் நீடித்த கொடும் பஞ்சம் எகிப்தியர் நினைவில் இன்றும் அவர் பெயராலேயே நிற்கிறது. கலீஃபா தன் தலையை எடுத்துவிடுவார் என்று பயந்த நகர ஆளுநர், மரண தண்டனைக் கைதிகள் சிலரைச் சிறையிலிருந்து எடுத்தாராம். அவர்களுக்கு வியாபாரிகளைப் போல ஆடம்பர உடுப்பு உடுத்தி, தானிய வியாபாரிகளும் ஆலைக்காரரும் ரொட்டிக்காரரும் கூடியிருக்க, பதுக்கல்காரர்கள் என்று சொல்லித் தலையை வெட்டினாராம். நடுங்கிப்போன உண்மையான வியாபாரிகள் கிட்டங்கியைத் திறந்தார்கள்.

பதுக்கி வைத்திருந்தார்கள், அதனால்தான் திறக்க இருந்தது. அதை மறைக்க ஏலாது. பதுக்குபவன் பாவி என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் இருக்கிறது. ஆனால் கிட்டங்கி திறந்ததால் அந்தப் பஞ்சம் முடிந்துவிடவில்லை. நைல் குறைந்ததோடு படைப்பிரிவுகளின் சண்டையும் சேர்ந்து நாட்டைத் தின்றுகொண்டிருந்தது. வெளியிலிருந்து தளபதி பத்ருல் ஜமாலி வந்து ஒழுங்கை நிலைநாட்டிய பிறகே எகிப்து மூச்சுவிட்டது.

மதீனாவில் விலையேறியபோது விலை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் கேட்டார்கள். விலையைக் கூட்டுபவனும் குறைப்பவனும் அல்லாஹ்வே என்றும், எவருக்கும் அநியாயம் செய்யாத நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்புவதாகவும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன கருத்தை அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். இதை வைத்து விலைக்கட்டுப்பாடே கூடாது என்றவர்களும் உண்டு. பதுக்கலும் கூட்டுச்சதியும் இருக்கும்போது ஆட்சியாளர் தலையிடலாம், தலையிட வேண்டும் என்று இப்னு தைமிய்யா ஹிஸ்பா பற்றிய நூலில் வாதிட்டார். இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒன்று உண்டு: நிறையில் மோசடி இருக்கக் கூடாது.

பாஷா வந்த கதையும் பாண் விலையும்

மக்ரீஸிக்குப் பிந்திய கெய்ரோவிலும் இந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வந்தது. 19ஆம் நூற்றாண்டில் கெதிவ் இஸ்மாயீல் ஐரோப்பிய வங்கிகளில் பட்ட கடனைக் கட்ட முடியாமல் 1876இல் எகிப்து வங்குரோத்தானது. வெளிநாட்டார் நாட்டின் வரவு செலவில் உட்கார்ந்தார்கள். சம்பளம் வெட்டப்பட்டது, வரி ஏறியது. அந்தக் கொதிப்பில்தான் அஹ்மத் உராபியின் எழுச்சி பிறந்தது. 1882 செப்டெம்பரில் தல்லுல் கபீரில் தோற்ற உராபி பாஷா 1883 ஜனவரியில் கொழும்பில் வந்து இறங்கினார். 1901 வரை இங்கே இருந்தார். மருதானையில் 1892இல் தொடங்கிய ஸாஹிராவின் கதையைச் சொல்லும்போது சித்தி லெப்பை, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரோடு அவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம். ஒரு நாட்டின் கடன் கணக்கு, அவரை எங்கள் கல்வி வரலாற்றுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

1977 ஜனவரி 17இல், சர்வதேச நாணய நிதியத்தின் ஆலோசனைக்கமைய, ஸாதாத்தின் அரசாங்கம் மானியங்களை வெட்டியது. உயர்ரக மாவு ரொட்டி, சீனி, அரிசி, எரிவாயு எல்லாம் விலையேறின. 18, 19ஆம் திகதிகளில் அலெக்ஸாந்திரியாவிலிருந்து அஸ்வான்வரை மக்கள் தெருவில் இறங்கினார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். ஸாதாத் அதைத் திருடர்களின் கிளர்ச்சி என்று ஏசினார். ஆனாலும் விலைகளைப் பழையபடி இறக்கினார். கூப்பன் அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியதால் 1953 ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகிய கதை எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு எகிப்திய ஆட்சியாளர்கள் ரொட்டி விலையில் கைவைக்கப் பயந்தார்கள். அங்கே ரொட்டியை ‘குப்ஸ்’ என்பதில்லை, ‘அய்ஷ்’ என்பார்கள். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்று பொருள். 2011இல் தஹ்ரீர் சதுக்கத்தில் ஒலித்த கோஷத்தின் முதற் சொல்லும் அதுவே. மானிய ரொட்டி 30 வருஷத்துக்கும் மேலாக 5 பியாஸ்தரிலேயே நின்றது. ஆனால் விலையைத் தொடாமல் நிறையைத் தொட்டார்கள். 2020இல் 110 கிராம் ரொட்டி 90 கிராமானது. இதைச் செய்தது அரசாங்கமே! முஹ்தஸிப் இருந்திருந்தால் யாருடைய தராசைப் பிடிப்பார்? கடைசியில் 2024 ஜூன் 1இல் விலையும் 20 பியாஸ்தராக ஏறியது. அதற்கு மூன்று மாதம் முன்னர், மார்ச் 6இல், பவுண் மிதக்கவிடப்பட்டு டொலருக்கு 50 அளவுக்கு இறங்கியிருந்தது. செலவுக்குக் கடன், கடனுக்கு டொலர், டொலர் இல்லாதபோது காசு தேய்வு. ஃபுலூஸின் கதைதான், செம்புக்குப் பதிலாகத் தாள்.

எங்கட கடைகள்

இந்த வரலாற்றை நாம் வாசிப்பதில் ஒரு சுயநலமும் இருக்கிறது. நாம் கடை வைத்த சமூகம். 1915 கலவரத்துக்கு உடனடிக் காரணம் கண்டியில் பெரஹர ஊர்வலமும் பள்ளிவாசலும் சம்பந்தப்பட்ட பிணக்கு என்றாலும், முதலாம் உலக யுத்தம் தொடங்கிய பின் ஏறிய சாமான் விலையும் பின்னால் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கப்பல் குறைந்து இறக்குமதி விலை ஏறியது. சனங்களின் கண்ணுக்குத் தெரிந்தது மூலைக் கடையில் இருந்த சோனக வியாபாரி மட்டுமே. உடைபட்டவை கடைகள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போய், பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டபோதும் முதலில் ஏச்சு வாங்கியவர் கடைக்காரர்தான். அன்றைக்குக் கடையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், நேற்று விற்ற காசில் இன்றைக்கு அதே மூடையை எடுக்க ஏலாமல் இருந்தது.

அதற்காக நாம் வெள்ளை உடுப்புக்காரர் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. பால்மாவை உள்ளே வைத்துவிட்டு “இல்ல” என்று சொன்னவர்கள் நம்மிலும் இருந்தார்கள். விலை ஏறுமுன் வாங்கிய சரக்கை ஏறிய விலைக்கு விற்றுவிட்டு ஜும்ஆவுக்கு முதல் ஸஃப்பில் நின்றவர்களும் இருந்தார்கள். 450 கிராம் இருக்க வேண்டிய பாண் குறைவாக இருந்தால் அது ஆட்சியாளரின் குற்றமல்ல, போறணைக்காரரின் குற்றம். மக்ரீஸி பதவியில் இருந்தபோது பிடித்ததும் அப்படிப்பட்டவர்களைத்தான். பதவியை விட்டு எழுதியபோதுதான் அதற்கு மேலே போய், தராசுக்குப் பின்னால் இருக்கும் காசையும் கதிரையையும் பார்த்தார். இரண்டு வேலையும் வேண்டும். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடும்போதுதான் அப்பாவி அடிபடுகிறான், அல்லது கள்ளன் தப்புகிறான்.

கெய்ரோப் பிள்ளையிடம் பிறகொரு நாள் இந்த மக்ரீஸி கதையைச் சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “நான் கடைக்காரன ஏசினன்தான். ஆனா மாசக் கடைசில சாமான் தாறதும் அவர்தான். எங்கட பேருக்கு ஒரு கொப்பி வச்சிருக்கார்.” வீட்டிலிருந்து காசு வரும்வரை அந்தக் கொப்பியில்தான் அவர்களுடைய ரொட்டியும் பருப்பும் ஏறுகிறதாம். கணக்கு ஃபுலூஸில்தான்.